லிவோர்னோக் கோழியும் நாமக்கல் முட்டையும்: விலையை வைப்பவர் யார்?



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்து சென்றபின், நம் சமூகத்துச் சகோதரி ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். "பாதர், தம்பி ஊரில ஐந்நூறு முட்டைக்கோழி விட்டுப் பண்ணை போடப்போறானாம். முட்டை விலை இப்ப நல்லா ஏறி நிக்குதாம். நான் சேர்த்து வைச்ச காசைக் கேக்கிறான். அனுப்பலாமோ?" என்றார்.

பிறர் வீட்டு முதியோரைத் தூக்கி, குளிப்பாட்டி, இரவில் விழித்திருந்து அவர் பலெர்மோவில் ஈட்டிய பணம் அது. குருமடத்தில் எனக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். கோழி வளர்ப்பைக் கற்பிக்கவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் "விலை ஏறி நிக்குதாம்" என்ற சொற்கள் என்னை விடவில்லை. முட்டையின் விலை எங்கேனும் நின்றதுண்டா? அதை ஏற்றியும் இறக்கியும் வைப்பவர் யார்? அந்த வாரம் முழுவதும் படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சற்று நீண்ட பதிவுதான். இதே கேள்வி உங்களில் இன்னும் பலருடைய வீட்டுத் தொலைபேசியிலும் ஒலித்திருக்கும் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

நம் கையிலுள்ள முட்டையிலிருந்தே தொடங்குவோம். பல்லாரோச் சந்தையிலோ பல்பொருள் அங்காடியிலோ வாங்கிய முட்டையை எடுத்து அதன் ஓட்டைப் பாருங்கள். அதில் ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். 2004ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இது கட்டாயம். முதல் இலக்கம் கோழி வாழ்ந்த விதத்தைக் கூறும்: 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 என்றால் வெளியே உலவி மேய்ந்த கோழி, 2 என்றால் கொட்டகைக்குள் தரையில் வளர்ந்தது, 3 என்றால் கூண்டு. அடுத்து வரும் 'ஐ.டி.' என்னும் எழுத்துகள் இத்தாலியைக் குறிக்கும். அதன்பின் நகராட்சியின் எண், மாகாணத்தின் எழுத்துகள், இறுதியில் பண்ணையின் எண். 'பி.ஏ.' என்றிருந்தால் அது நம் பலெர்மோ மாகாணத்து முட்டை; 'டி.பி.' என்றால் திராப்பானி, 'ஆர்.ஜி.' என்றால் ரகூசா. பிறந்த ஊரையும் வளர்ந்த வீட்டையும் இத்தனை நேர்மையாக உடம்பில் எழுதிக்கொண்டு வரும் பண்டம் வேறு ஏதேனும் உண்டா எனத் தெரியவில்லை. எங்கள் குடியுரிமை ஆவணங்களில்கூட இவ்வளவு தெளிவு இல்லை.

ஆனால் அந்த ஓடு ஒன்றை மட்டும் சொல்வதில்லை: பண்ணை வாசலில் அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை.

இத்தாலியில் அந்த விலை பலெர்மோவில் பிறப்பதில்லை. நாட்டின் கோழிப் பண்ணைகளில் பெரும்பகுதி வடக்கே, லொம்பார்தியா, வேனெத்தோ, எமிலியா-ரோமாஞ்ஞா ஆகிய பிரதேசங்களில் இருக்கிறது. எமிலியா-ரோமாஞ்ஞாவிலுள்ள ஃபொர்லி என்னும் நகரில், வணிகக் கழகத்தின் கூரையின்கீழ், உற்பத்தியாளரும் வாங்குவோரும் வாரந்தோறும் கூடி முட்டைக்கும் இறைச்சிக்கோழிக்கும் விலைப்பட்டியல் வெளியிடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. சிசிலியில் கோழி வளர்ப்பவரும் அந்தப் பட்டியலைப் பார்த்தே பேரம் பேசினார். தன் முற்றத்துக் கோழி இட்ட முட்டையின் விலையை ஆயிரம் கிலோமீற்றர் தள்ளியுள்ள ஒரு மண்டபத்திலிருந்து கேட்டறிவது அவருக்குப் பழகிப்போன செய்தி.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இங்கே கடைகளில் வெள்ளை முட்டை அரிது. பழுப்பு நிற முட்டையையே இத்தாலியர் விரும்பி வாங்குகின்றனர். "ஊரில வெள்ளை முட்டைதானே பாதர், இது ஊர்க்கோழி முட்டை மாதிரிக் கிடக்கு" என்று புதிதாக வந்த ஒருவர் என்னிடம் வியந்தார். அந்த வியப்புக்குள் ஒரு வேடிக்கையான வரலாறு ஒளிந்திருக்கிறது. நம் நாட்டிலும் தமிழகத்திலும் பண்ணைகளில் வெள்ளை முட்டையிடும் கோழியின் மூதாதை இத்தாலியைச் சேர்ந்தது.

தொஸ்கானாக் கரையில் லிவோர்னோ என்றொரு துறைமுகம் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெதிச்சிக் குடும்பத்து ஆட்சியாளர் அங்கே எந்த நாட்டாரும் எந்தச் சமயத்தாரும் வந்து குடியேறி வணிகம் செய்யலாம் எனச் சட்டம் இயற்றினார்கள். யூதர், கிரேக்கர், ஆர்மீனியர், ஆங்கிலேயர் எனப் பலரும் வந்தனர். 'லிவோர்னோ' என்ற பெயர் ஆங்கில மாலுமிகளின் நாவில் 'லெக்கோர்ன்' எனத் திரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தத் துறையிலிருந்து அமெரிக்காவுக்குக் கோழிகள் சென்றன. தொடக்கத்தில் அவற்றை அங்கே 'இத்தாலியர்' என்றே அழைத்தனர்; 1860களில் 'லெக்கோர்ன்' என்ற பெயர் நிலைத்தது. மெலிந்த உடல், குறைந்த தீனி, அடைகாக்கும் ஆசை இல்லாத இயல்பு, நிறைய வெள்ளை முட்டைகள்! அமெரிக்கப் பண்ணையாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1870 அளவில் வெள்ளை லெக்கோர்ன் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கடல் கடந்தது. பின்னர் உலகமெங்கும் பரவியது.

சிசிலிக்கும் சொந்தமாக ஓர் இனம் உண்டு. கிண்ணம் போல் விரிந்த, முடியை ஒத்த கொண்டையுடைய சிசிலியானக் கோழி. தோடம்பழம் ஏற்றச் சிசிலிக்கு வந்த அமெரிக்கக் கப்பலொன்று, வழியில் உணவாகட்டும் என இந்தக் கோழிகளை ஏற்றிச் சென்றதாகவும், அவை விடாமல் முட்டையிட்டதால் உயிர் தப்பி மாசச்சூசெற்சை அடைந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. உழைப்பால் உயிர் பிழைத்துக் கரையேறியவர்களின் கதை நமக்கு அந்நியமானதன்று. ஆயினும் உலகச் சந்தையைப் பிடித்தது லிவோர்னோக் கோழிதான்.

இந்தியாவுக்கு மேல்நாட்டுக் கோழியினங்களைக் கொண்டுவந்து கிராமங்களில் பரப்பியதில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பணியாற்றிய மிஷனரிகளுக்குப் பெரும் பங்குண்டு. வட இந்தியாவில் ஏட்டாவிலும், தமிழகத்தில் காட்பாடியிலும் இந்த முயற்சிகள் நடந்தன. அவர்கள் புரட்டஸ்தாந்து சபையினர். இந்தத் துறையில் அவர்கள் நமக்கு முந்திக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைவிட வியப்பான செய்தி 2008இல் வெளிவந்தது. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த மரபணு ஆய்வொன்று, வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபுக்கூறு செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று, தென்னிந்தியாவில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் எனக் காட்டியது. லெக்கோர்ன் மஞ்சள் தோலுடைய கோழி. ஆக, மேற்குத்தொடர்ச்சி மலைப்பக்கத்துக் காட்டுப் பறவையின் குருதி என்றோ ஒரு காலத்தில் மேற்கே வந்து, லிவோர்னோவில் பெயர் பெற்று, அமெரிக்காவில் வேலை பழகி, மீண்டும் தமிழ்நாட்டுக்கே திரும்பியிருக்கிறது. நம் இலங்கைத் தீவின் தேசியப் பறவையும் ஒரு காட்டுக்கோழியே என்பதை இங்கே இடையில் சொல்லி வைக்கிறேன்.

இனி விலைக்கு வருவோம். பழைய உலகில் முட்டை விலையை வைத்தது சூரியன். பகல் நீளும்போதுதான் கோழியின் உடல் முட்டையிடத் தூண்டப்படுகிறது. பலெர்மோ வடக்கே 38 பாகையில் உள்ளது. டிசம்பரில் இங்கே பகல் ஒன்பதரை மணி நேரமே; ஜூனில் ஏறக்குறைய பதினைந்து மணி. எனவே மாரியில் கோழிகள் ஓய்ந்துவிடும். பெப்ரவரி, மார்ச்சில் மீண்டும் இடத் தொடங்கும். அதே வேளையில்தான் தவக்காலம் வரும். நடுக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்ட உணவு. கோழிக்குத் திருச்சபைச் சட்டம் தெரியாது. அது இட்டுக்கொண்டே இருக்கும். நாற்பது நாள் முட்டைகள் வீட்டில் குவியும். உயிர்ப்புப் பெருவிழாவன்று முட்டை பெருகியதற்கும், அதை அவித்து, நிறமூட்டி, பரிசாக வழங்கியதற்கும் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. பாஸ்கா நாளில் பலெர்மோ வெதுப்பகங்களில் முழு முட்டையை ஓட்டோடு மாவில் பதித்துச் சுடுகிறார்களே, 'பூப்பு கு லோவு' என்பார்கள், அதுவும் அந்தக் குவியலின் பிள்ளைதான். நம் யாழ்ப்பாணத்திலோ நாமக்கல்லிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே அங்கே முட்டைக்கு இத்தகைய பருவம் இல்லை. பிற்காலத்தில் மின்விளக்கு வந்து இங்கேயும் அந்தப் பருவத்தைப் பெருமளவு அழித்துவிட்டது.

சூரியன் விலகியதும் விலையை வைக்கும் இடத்துக்கு வந்தது குஞ்சுகளின் எண்ணிக்கை. இதை விளங்கிக்கொண்டால் சகோதரியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கிறிஸ்துவுக்கு முன் 249இல் இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள திராப்பானிக்கு அருகே உரோமரின் கடற்படை கார்த்தேஜ் படையை எதிர்கொண்டது. போருக்கு முன் கப்பலில் இருந்த புனிதக் கோழிகளுக்குத் தீனி போட்டுப் பார்ப்பது உரோமர் வழக்கம். அவை ஆவலோடு தின்றால் வெற்றி. தின்னாவிட்டால் ஆகாத சகுனம். அன்று அவை தின்னவில்லை. தளபதி புபிளியுஸ் கிளாவுதியுஸ் புல்கெர் சினங்கொண்டு, தின்ன மறுத்தால் குடிக்கட்டும் என்று சொல்லிக் கோழிகளைக் கடலில் எறியச் செய்தான் எனப் பழைய ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். அவன் படுதோல்வி அடைந்தான். கோழியிடம் எதிர்காலத்தைக் கேட்பது மூடநம்பிக்கை என நாம் சிரிக்கலாம். ஆனால் முட்டை வணிகத்தில் எதிர்காலம் உண்மையாகவே கோழிக்கூட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எப்படி என்றால், இன்று பொரித்த ஒருநாட் குஞ்சு முட்டையிடத் தொடங்க 18 முதல் 20 வாரங்கள் ஆகும். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் இட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் 300க்கும் மேற்பட்ட முட்டைகள். விலை உயரும் மாதத்தில் எல்லாப் பண்ணையாரும் ஒரே நேரத்தில் குஞ்சு வாங்குவர். அன்றே முட்டை கூடாது. ஐந்து மாதத்தின் பின் எல்லாக் குஞ்சுகளும் ஒன்றாக இடத் தொடங்கும், விலை சரியும். தொழிற்சாலை என்றால் இயந்திரத்தை நிறுத்தலாம். கோழியை நிறுத்த முடியாது. இட்டாலும் இடாவிட்டாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீனி அதற்கு வேண்டும். உற்பத்திச் செலவில் ஏறத்தாழ எழுபது வீதம் அந்தத் தீனிதான். அதன் பெரும்பகுதி சோளம். இட்ட முட்டையையும் வெயில் நாட்டில் நெடுநாள் வைத்திருக்க இயலாது. நட்டம் தாங்காதவர் முதிர்ந்த கோழிகளை முன்கூட்டியே இறைச்சிக்கு விற்பர். மந்தை சுருங்கும், விலை மீண்டும் ஏறும், புதியவர்கள் குஞ்சு வாங்குவர். ஆகவே "விலை ஏறி நிக்குது" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த நேரத்தில் எத்தனை பேர் குஞ்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்தச் சுழலைத் தமிழ் மண்ணில் மிக நெருக்கமாக அறிந்த ஊர் நாமக்கல். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான வறண்ட பூமி. மழை குறைவு, கிணற்றை நம்பிய வேளாண்மை. அந்த வறட்சியே கோழிக்கு நலமாயிற்று, ஏனெனில் ஈரம் மிகுந்த இடத்தில் கோழிக்கு நோய் அதிகம். லொறிக்குக் கூடு கட்டும் தொழிலும் லொறி ஓட்டும் தொழிலும் ஏற்கெனவே அங்கே வேரூன்றியிருந்தன. முட்டையைக் கேரளத்துக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏற்றிச் செல்ல வண்டிக்குக் குறைவில்லை. நிலம் கைவிட்ட வேளாண் குடும்பங்கள் 1970களில் மெல்லக் கோழிக் கொட்டகைகளைக் கட்டின. 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே வந்தது. இன்று அந்த மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி முட்டை உற்பத்தியாவதாகச் சொல்கிறார்கள். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 85 கோடிக் கோழிவகைப் பறவைகள். அவற்றில் 12 கோடிக்கு மேல் தமிழ்நாட்டில், மாநிலங்களுள் முதலிடம். முட்டை உற்பத்தியில் ஆந்திரம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாம் இடம்.

ஆனால் 1980களின் தொடக்கத்தில் இந்தியப் பண்ணையாளர்கள் அழிவின் விளிம்பில் நின்றார்கள். பெருநகரத்து வணிகர் சொன்னதே விலை. உற்பத்திச் செலவுக்கும் கீழே விற்று, கோழிகளை ஒழித்துக் கொட்டகையைப் பூட்டியவர் பலர். அப்போது வெங்கடேசுவரா குஞ்சு பொரிப்பகத்தின் நிறுவனர் டாக்டர் பி. வி. ராவ் ஊரூராகச் சென்று பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசினார். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. "என் முட்டை, என் விலை, என் வாழ்வு" என்பதே அதன் முழக்கம். பண்ணையாளர் இறந்தால் குஞ்சு விற்பவருக்கும் வாழ்வில்லை என்பதை ராவ் அறிந்திருந்தார். இதில் அவருடைய தொழில் நலனும் இருந்தது. அதனால் அந்தப் பணியின் மதிப்புக் குறைந்துவிடாது என்பதே என் எண்ணம். வாங்குபவர் சொன்ன விலையை விளைவிப்பவர் சொல்லும் விலையாக மாற்ற முயன்ற இயக்கம் அது. நாமக்கல் மண்டலத்தின் விலை அன்றுமுதல் காசுக் கணக்கில் அறிவிக்கப்படுகிறது. நாளிதழில் தங்கத்தின் விலைக்குப் பக்கத்தில் முட்டையின் விலையும் இடம்பெறும்.

முழக்கம் முழுவதுமாக நிறைவேறியதா? இல்லை. அறிவிக்கப்படுவது பரிந்துரை விலைதான். பண்ணை வாசலுக்கு வந்த வணிகர் அதிலும் சில காசுகள் குறைத்தே கொடுத்து வந்தார். அந்தக் குறைப்புக்கு நாமக்கல்லில் 'மைனஸ்' என்றே பெயர். முட்டை தேங்கிய நாளில் மைனஸ் கூடியது. 2023 ஜனவரியில் அறிவிப்பு விலை 565 காசைத் தொட்டபோது அதுவரை காணாத உயரம் என்றார்கள். அந்த உயரத்தில் அது நிற்கவில்லை.

சந்தை சரியும்போது தாங்கிப் பிடித்த தூணொன்று உண்டு: பிள்ளைகளின் சத்துணவு. காமராசர் 1956இல் விரிவாக்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாயிற்று. 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை அதில் சேர்ந்தது; 1998இல் வாரம் ஒன்று; 2010இல் வாரத்துக்கு ஐந்து. ஏழைப் பிள்ளையின் தட்டில் ஒரு முட்டையை வைத்த அந்த முடிவு, நாமக்கல் கொட்டகைகளுக்கு உறுதியான ஒரு சந்தையையும் தந்தது. இங்கே 'கரித்தாஸ்' பெட்டியில் நாம் இடும் காசை நினைத்தேன். ஒரு வேளை உணவு இரண்டு முனைகளில் பசி தீர்க்கக்கூடும் என்பதை அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் எண்ணியிருந்தார்களோ இல்லையோ, அது நடந்தது.

2006 பெப்ரவரியை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மாதம் 11ஆம் நாள், சிசிலி, கலாபிரியா, புல்யா ஆகிய பிரதேசங்களில் செத்துக் கிடந்த அன்னப்பறவைகளில் பறவைக்காய்ச்சல் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதாக இத்தாலிய அரசு அறிவித்தது. ஒரே வாரம் கழித்து, 18ஆம் நாள், மகாராட்டிரத்தின் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் அதே கிருமி உறுதியானது. இந்தியாவில் அதுவே முதல் தடவை. இத்தாலியில் அவ்வாண்டு ஒரு பண்ணைக் கோழிக்கும் அந்தக் கிருமி தொற்றவில்லை. ஆயினும் மக்கள் கோழியைத் தொட அஞ்சினர், விற்பனை விழுந்தது. நாமக்கல் நவாப்பூரிலிருந்து வெகு தொலைவு. அங்கும் நோய் இல்லை. ஆனால் வளைகுடா நாடுகள் இந்திய முட்டைக்குக் கதவடைத்தன, உள்நாட்டிலும் வாங்குவாரில்லை, விலை பாதாளத்துக்குச் சென்றது. நோயில்லாத இரண்டு மந்தைகள், ஒன்று இத்தாலியில், ஒன்று தமிழகத்தில், ஒரே மாதத்தில் அச்சத்தால் மதிப்பிழந்தன. வட இத்தாலிப் பண்ணையாளருக்கு அது முதல் அடியன்று. 1999, 2000ஆம் ஆண்டுகளில் வேறொரு வகைப் பறவைக்காய்ச்சல் வேனெத்தோவிலும் லொம்பார்தியாவிலும் 1 கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைகளைப் பலிகொண்டிருந்தது. 2020இல் கோழி தின்றால் கொரோனா தொற்றும் என்னும் வதந்தி பரவியபோது நாமக்கல் மீண்டும் அதே பள்ளத்தில் விழுந்தது. வதந்திக்குத் தடுப்பூசி இல்லை.

இனி நம் நாடு. இலங்கையின் கோழிப் பண்ணைகள் பெரும்பாலும் குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களில் உள்ளன. என் அம்மம்மாவின் காலத்து யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் பத்துக் கோழி நிற்கும். அடுப்படியில் சிந்திய நெல்லும் கறையானும் அவற்றின் தீனி. முட்டை விற்ற காசு வீட்டுத்தலைவருடைய கணக்கில் சேராது. அது அம்மம்மாவின் சேலைத் தலைப்பு முடிச்சில் இருக்கும். அந்தக் கோழிக்கு வெளிநாட்டுச் செலாவணி தேவைப்படவில்லை. பண்ணைக் கோழிக்குத் தேவை. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் உள்ளூர்ச் சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் டொலர் இல்லாமற்போகவே சோளமும் தாய்க்கோழிகளும் இறக்குமதி செய்ய இயலவில்லை. தீனி விலை பலமடங்கு ஏற, பண்ணையாளர்கள் மந்தையைக் குறைத்தனர். முட்டை அருகியது. 2022 ஆகஸ்டில் அரசு வர்த்தமானி மூலம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, பழுப்பு முட்டைக்கு 45 ரூபா என உச்சவிலை விதித்தது. விலை தாளில் நின்றது. முட்டை கடையிலிருந்து மறைந்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது; தொடக்கத்தில் அவை வெதுப்பகங்களுக்கும் உணவகங்களுக்குமே வழங்கப்பட்டன. கேக் இல்லாத கிறிஸ்மஸை எங்கள் மக்கள் அஞ்சியிருந்த காலம் அது.

அதன்பின் என்ன நடந்தது என்பதை மேலே சொன்ன குஞ்சுக் கணக்கே கூறிவிடும். விலை உயர்ந்திருந்த நாளில் பலர் குஞ்சு விட்டனர். மந்தை பெருகியது. 2025இன் தொடக்கத்தில் முட்டை விலை 30 ரூபாவை ஒட்டி இறங்கி, செலவுக்கும் கட்டவில்லை எனப் பண்ணையாளர்கள் முறையிட்டனர். இரண்டரை ஆண்டுக்குள் ஒரு முழுச் சுற்று.

ஃபொர்லியில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் இருந்து விலை பேசினர். நாமக்கல்லில் வளர்ப்பவர் கூடி விலை சொன்னார். வணிகர் மைனஸ் போட்டார். கொழும்பில் வர்த்தமானி விலை சொன்னது. அதைக் கோழியும் கேட்கவில்லை, சோளமும் கேட்கவில்லை. குறையுடையதானாலும் நாமக்கல் வழியே எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனெனில் அங்கே ஒரு தனிக் குடியானவர் சந்தைக்கு எதிரே தனியாக நிற்கவில்லை. தனியாக நிற்கும் ஐந்நூறு கோழிக்காரர்தான் மூன்று இடத்திலும் முதலில் விழுபவர்.

நேற்று அந்தச் சகோதரியைச் சந்தித்தேன். அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பியிடம் நான்கு செய்தி கேட்கச் சொன்னேன். ஐந்நூறு கோழிக்கு நாளொன்றுக்கு 55 கிலோ தீனி. அதை யாரிடம் என்ன விலைக்கு வாங்கப்போகிறான்? முதல் முட்டை வரும்வரை ஐந்து மாதம், மூன்று தொன்னுக்குக் குறையாத தீனி. அதற்கான பணமும் இவர் அனுப்பும் தொகைக்குள் அடக்கமா? உச்சத்தில் நாளுக்கு 450 முட்டை வரும். அவற்றை ஊரில் எந்தக் கடை, எந்த வெதுப்பகம், எந்தப் பாடசாலை எடுக்கும்? அதே ஊரில் இந்த மாதம் இன்னும் எத்தனை பேர் குஞ்சுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்?

இன்று காலை திருப்பலிக்கு முன் வாசலில் நின்று சொன்னார்: "முதல் மூண்டுக்கும் மறுமொழி சொன்னவன் பாதர். நாலாவதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டான். பிறகு சொல்றான், 'அக்கா, எங்கட ஒழுங்கையிலயே ஏழு பேர்' எண்டு." அந்த ஏழு பேரையும் ஒன்றாக இருந்து பேசச் சொல்லி அவர் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார். பணம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.